மியூனிக்கிலிருந்து ஊர் சுற்ற: பயர்ன் டிக்கெட்டா, டாய்ச்லாண்ட் டிக்கெட்டா, ஐ.சி.இ.யா?

2025 கோடையில் நானும் மனைவியும் ஜெர்மனியின் மியூனிக்கில் பத்து நாள் தங்கினோம். ஜூலை 26-ல் போய் இறங்கினோம், ஆகஸ்ட் 5-ல் பெர்லினிலிருந்து திரும்பினோம். கிளம்பும் முன்பு அங்கே போய்வந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு டிக்கெட்டைச் சொன்னார்கள். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. அவரவர் தங்கிய நாளுக்கும் போன தூரத்துக்கும் அவரவர் சொன்னது சரி.

அங்கே ரயில்கள் இரண்டு ரகம். ஐ.சி.இ., ஐ.சி., இ.சி. எல்லாம் தொலைதூர ரயில்கள். ஆர்.இ., ஆர்.பி., எஸ்-பான் எல்லாம் ரீஜனல், அதாவது பக்கத்து ஊர்களுக்கும் புறநகருக்கும் ஓடும் ரயில்கள். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்கான பயர்ன் டிக்கெட்டும், நாடு முழுக்கச் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் ரீஜனலில் மட்டும்தான் செல்லும். பக்கத்து ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்குக்கு இரண்டு ரகமும் ஓடுகின்றன. பலகையில் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு இ.சி.யில் ஏறினால் 60 யூரோ அபராதத்துக்குத் தயாராக இருக்க வேண்டியதுதான். ரயில் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள்.

டாய்ச்லாண்ட் டிக்கெட்டின் கதை 2022-ல் தொடங்குகிறது. அந்த ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுக்கச் சுற்றலாம் என்று ஒரு சலுகை விட்டார்கள். அதன் வாரிசாக 2023 மே மாதம் 49 யூரோவுக்கு இது வந்தது. நாங்கள் போனபோது 58, 2026 ஜனவரியிலிருந்து 63. ரீஜனல் ரயிலோடு நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ எல்லாம் இதில் அடக்கம். மியூனிக் நகருக்குள் சுற்றும் ஒரு நாள் பாஸே பத்து யூரோவை ஒட்டி வரும் என்பதால் கணக்கு நன்றாகத்தான் தெரியும்.

ஆனால் இது டிக்கெட் இல்லை, சந்தா. அதுவும் காலண்டர் மாதச் சந்தா. ஜூலை 26-ல் இறங்கியவர்களுக்கு ஜூலையும் வேண்டும், ஆகஸ்டும் வேண்டும். இரண்டு பேருக்கு 232 யூரோ. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணத்தையும் எடுத்துவிடுவார்கள். 10-க்குப் பிறகு சேர்ந்தால் சில விற்பனையாளர்களிடம் அடுத்த மாதமும் சேர்ந்தே தலையில் விழும். பல இடங்களில் ஜெர்மன் வங்கிக் கணக்கு கேட்பார்கள். கிரெடிட் கார்டு வாங்கிக்கொள்ளும் செயலியாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பயர்ன் டிக்கெட்டில் இந்தத் தலைவலி கிடையாது. பவேரியா மாநிலம் முழுக்க ஒரு நாள். முதல் ஆளுக்கு முப்பது யூரோவை ஒட்டி, கூட வரும் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய பத்து. ஐந்து பேர் வரை போகலாம், நகரப் பேருந்தும் மெட்ரோவும் சேர்த்தி. பயணிகள் பெயரை டிக்கெட்டில் எழுத வேண்டும். சனி, ஞாயிறில் நள்ளிரவிலிருந்தே செல்லும். வார நாளில் காலை 9 மணிக்கு முன் செல்லாது, மறுநாள் விடிகாலை 3 வரை செல்லும். இந்த ஒன்பது மணி விதி காகிதத்தில் பார்த்தால் சின்ன விஷயம். அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும்: டிக்கெட்டை வைத்துக்கொண்டு காத்திருந்த மொத்தக் கூட்டமும் ஒன்பது தாண்டியதும் கிளம்பும் முதல் ரயிலில் ஏறுகிறது. ரீஜனலில் ரிசர்வேஷன் கிடையாது. ஃபுய்ஸன் என்ற மலையடிவார ஊருக்குப் போன ரயிலில் முதல் முக்கால் மணி நேரம் நாங்கள் ஒரு சைக்கிளுக்கும் தள்ளுவண்டிக் குழந்தைக்கும் நடுவே நின்றுகொண்டுதான் போனோம்.

அதற்காக அந்தப் பயணத்தைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மணி நேரம், கடைசி அரை மணி முழுக்க மலை. இறங்கியதும் அதே டிக்கெட்டில் பேருந்து ஏறினால் பத்து நிமிடத்தில் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை அடிவாரம். ஐ.சி.இ. ஃபுய்ஸனுக்கே போகாது, ஆகவே அங்கே போட்டியே இல்லை.

டேகர்ன்ஸே ஏரிக்குப் போன நாள் வேறு பாடம். மியூனிக் மெயின் ஸ்டேஷனில் 27 முதல் 36 வரையுள்ள நடைமேடைகள் பிரதான மண்டபத்திலிருந்து தள்ளி ஒரு மூலையில் இருக்கின்றன. மூச்சிரைக்க ஓடி, முதலில் கண்ட கதவில் ஏறி உட்கார்ந்தோம். அந்த ரயில் வழியிலேயே பிரியும்! ஹோல்ஸ்கிர்ஷனில் ஒரு துண்டு பைரிஷ்ஸெல்லுக்குக் கழன்றுகொள்கிறது, ஷாஃப்ட்லாக்கில் மிச்சம் இரண்டாகி ஒன்று டேகர்ன்ஸேக்கும் இன்னொன்று லெங்ரீஸுக்கும் போகிறது. பெட்டிக்குள் திரையில் ஊர்ப் பெயர் ஓடிக்கொண்டேதான் இருந்தது, நாங்கள்தான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எதிரில் இருந்த பாட்டி என் மனைவியின் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, விரலால் முன்பக்கப் பெட்டியைக் காட்டி, "ஷ்னெல், ஷ்னெல்" என்றார். சீக்கிரம் என்று அர்த்தம். ஷாஃப்ட்லாக்கில் ரயில் நின்ற அந்தச் சில நிமிடத்தில் இறங்கி, நடைமேடையில் ஓடி, சரியான துண்டில் ஏறினோம்.

பயர்ன் டிக்கெட்டில் இரண்டு பேர், இரண்டு நாள்: எண்பது யூரோ சொச்சத்தில் ஜூலை முடிந்தது. ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு மாறினோம், 116 யூரோ. என் கணக்கு இதுதான்: இரண்டு பேராகப் போனால் ஒன்றிரண்டு வெளியூர்ப் பயணத்துக்குப் பயர்ன், ஒரே மாதத்துக்குள் மூன்றைத் தாண்டினால் டாய்ச்லாண்ட். நான்கைந்து பேர் என்றால் யோசிக்கவே வேண்டாம், பயர்ன்.

நூரம்பெர்க்கில் ஐ.சி.இ.யும் மோதிப் பார்க்கிறது. அதில் ஒரு மணி நேரம் சொச்சம். ஆனால் இன்கோல்ஷ்டட் வழியே 2006-ல் திறந்த அதிவேகப் பாதையில் ஒரு ரீஜனல் ரயிலும் ஓடுகிறது, மணிக்கு 200 கி.மீ. வரை போகும், ஒன்றே முக்கால் மணி நேரத்தை ஒட்டிக் கொண்டு சேர்க்கும். அந்த முக்கால் மணியை மிச்சம் பிடிக்க நான் காசு கொடுக்க மாட்டேன். சால்ஸ்பர்க்குக்கும் அப்படித்தான். நகரம் ஆஸ்திரியாவில் இருந்தாலும் அங்கத்திய மெயின் ஸ்டேஷன் வரை இரண்டு டிக்கெட்டும் செல்லும். ஊருக்குள் ஓடும் பேருந்துக்கு மட்டும் தனியாக எடுக்க வேண்டும். அந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துதான் செப்டம்பர் சந்தாவை ரத்து செய்தேன்.

பெர்லின் என்று வந்தால் ரீஜனல் தோற்றுவிடும். 2017 டிசம்பரில் புதுப் பாதை முழுமையான பிறகு வேகமான ஐ.சி.இ. நான்கு மணி நேரத்தை ஒட்டிச் சேர்கிறது. ரீஜனலில் ஒன்பது மணிக்கும் மேல், மாறி மாறி ஏற வேண்டும், பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு. முன்கூட்டி எடுத்தால் 'ஷ்பார்பிரைஸ்' சலுகை விலை சில நாளில் இருபது யூரோவை ஒட்டிக்கூடக் கிடைக்கும். சீட்டுக்கு ரிசர்வேஷன் தனிக்காசு.

அந்தச் சலுகை டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும்தான். 2024-ல் நேரத்துக்கு வந்த தொலைதூர ரயில்கள் 62.5 சதவீதம்தான்; ரயில்வேயின் கணக்கில் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதம் தாமதமே இல்லை. ரீஜனல் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. போய்ச்சேர இருபது நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் வேறு ரயிலில் ஏறலாம், அது விதி. ஆனால் டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் ரீஜனல் பிடித்து வந்து, அது தாமதமாகி ஐ.சி.இ.யைத் தவறவிட்டால் அந்த விதியை நம்ப முடியாது, இரண்டும் தனித்தனி டிக்கெட். பெர்லின் கிளம்பிய அன்று, தேவைக்கு ஒரு ரயில் முன்னதாகவே மெயின் ஸ்டேஷனுக்கு வந்து, நின்றுகொண்டே பிரெட்ஸல் சாப்பிட்டோம்.