அக்வாபோனிக்ஸ் வைக்கப் போகிறீர்களா? தொட்டி வைத்த அன்றே மீன் விடுகிறவரை நம்பாதீர்கள்

பெங்களூரில் வீட்டுப் பின்புறத்தில் அக்வாபோனிக்ஸ், அதாவது மீன் தொட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டு மண்ணில்லாமல் கீரை வளர்க்கும் முறை, போட நினைக்கிற யாராவது இதைப் படித்துவிட்டு, முன்பணம் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் எனக்கு அது போதும். எங்களுக்கு மொத்தம் 78,500 ரூபாய் போனது. இரண்டு தடவையாக 200 மீன் குஞ்சுகள் செத்தன. பணம் போனதை விட, அந்தக் குஞ்சுகள் செத்த விதம்தான் இன்னும் மனதை உறுத்துகிறது.

ராமமூர்த்தி நகரில் எங்கள் வீடு. பின்னால் 10க்கு 14 அடி இடம் இருக்கிறது. துணி காயப்போடும் கொடி, ஒரு கறிவேப்பிலை மரம், அப்பாவின் தொட்டிச் செடிகள், அவ்வளவுதான். 2024 மார்ச் தண்ணீர்த் தட்டுப்பாட்டில், குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தபோது அந்தச் செடிகள் எல்லாம் காய்ந்துபோயின. அப்பா திருப்பத்தூர் பக்கம், ஏரியில் மீன் பிடித்து வளர்ந்தவர். ஒரு கண்காட்சி ஸ்டாலில், மண்ணுக்கு ஊற்றுவதில் பத்தில் ஒரு பங்குத் தண்ணீர் இருந்தால் கீரையும் கிடைக்கும், மீனும் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அவர் அங்கேயே நின்றுவிட்டார். தண்ணீர்க் கணக்கு பொய் இல்லை. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதால், ஆவியாவதையும் செடி குடிப்பதையும் நிரப்பினால் போதும்.

அந்த ஆள் தமிழ் பேசினார், அப்பாவின் ஊர்ப்பக்கம் வேறு. ஊர்ப்பேச்சு ஆரம்பித்தபிறகு நான் கேட்க வேண்டிய எதையும் கேட்கவில்லை. "அக்கா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சனிக்கிழமை செட் வரும், அன்னைக்கே மீன் விட்டுடலாம். ஆறு மாசத்துல இருந்து மாசம் 15 கிலோ மீன்" என்றார். மொத்தம் 72,000. அதில் 50,000 ஆன்லைனில் அனுப்பினேன். மீதி 22,000 செட் வைத்த அன்று ரொக்கமாக வேண்டும் என்றார், கொடுத்தேன். பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷன் வந்தது, அதோடு சரி.

சொன்னபடி சனிக்கிழமை வந்தார்கள். 500 லிட்டர் நீலத் தொட்டி, அதன் மேல் இரும்புச் சட்டத்தில் செடி வளர்க்க இரண்டு பெட்டிகள் (குரோ பெட்), அதில் பளபளவென்று வெள்ளைக் கல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சம்ப்பிலிருந்து காவேரித் தண்ணீரைப் பைப் போட்டு நிரப்பினார்கள். பேர் எழுதாத ஒரு கவரில் இருந்து பழுப்பு நிறப் பொடியைக் கொட்டி, "பாக்டீரியா போட்டாச்சு அக்கா" என்றார். ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை, ஆக்சிஜன் பாக்கெட்டை அவிழ்த்து 120 குஞ்சுகளை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆனது. போன் செய்தால், "அது நல்லதுதான், தீனி மட்டும் குறைக்காதீங்க" என்றார். ஐந்தாம் நாள் காலையில் அப்பா என்னை எழுப்பினார். "கண்ணு, வந்து பாரு, எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது." குஞ்சுகள் அத்தனையும் நீர்மட்டத்தில் வரிசையாக நின்று காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. ஏர் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் 31, மறுநாள் 54. ஒன்பதாம் நாள் ஒன்றுகூட மிச்சமில்லை. அப்பா ஒவ்வொன்றாக எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் எரிந்ததுபோல் கருஞ்சிவப்பாக இருந்தது. கறிவேப்பிலை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம்.

விற்றவர் சொன்ன காரணம்: "உங்க தண்ணில குளோரின் மேடம்." அதுவரை அக்கா, அன்றிலிருந்து மேடம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது மீனுக்கும் ஆகாது, நல்ல பாக்டீரியாவுக்கும் ஆகாது, ஒரு நாளாவது காற்றோட்டமாக ஓடவிட வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் நிரப்பியது யார், ஒரு மணி நேரத்துக்குள் மீன் விட்டது யார்? அப்போது இதைக் கேட்க எனக்குத் தெரியவில்லை. இன்னும் 6,500 கொடுத்து 80 குஞ்சுகள் வாங்கினேன். அவையும் பதினோரு நாளில் போயின. அதற்குப்பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

அதன் பிறகுதான் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் கிட் வாங்கினேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டிய பொருள். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி தண்ணீர், இரண்டு பாட்டில்களில் இருந்து சொட்டு விட்டுக் குலுக்கிப் பார்த்தேன். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாக நிற்க வேண்டும். எங்களுடையது கரும்பச்சை. தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 8.4.

என்ன நடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது. அதை நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற வேண்டும். நைட்ரைட்டை நைட்ரோஸ்பைரா போன்ற இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். கீரைக்கு உரம் அந்த நைட்ரேட். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் பைப்பிலும் ஒட்டிப் பெருகுவதற்குச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், குளிரில் இன்னும் இழுக்கும். எங்கள் செட் வந்தது நவம்பர் கடைசியில். பெங்களூரில் ராத்திரியில் ஸ்வெட்டர் போடும் காலம். ஆக, தண்ணீர் பக்குவப்படும் முன்பே மீனை விட்டால், அது தன் கழிவிலேயே மூச்சு முட்டிச் சாகும். இந்த வியாபாரம் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

அந்த வெள்ளைக் கல்லையும் சோதித்தேன். ஒரு கிண்ணத்தில் இரண்டு கல்லைப் போட்டுச் சமையல் வினிகர் ஊற்றினேன். பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. மார்பிள் சில்லு. அது கரையக் கரைய பி.எச். ஏறும். பி.எச். ஏறினால் அதே அம்மோனியா இன்னும் கொடியது: 25 டிகிரியில், பி.எச். 7 இருக்கும்போது அதில் 100-க்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது, 8-க்குப் போனால் ஐந்து பங்குக்கு மேல். மீன், செடி, பாக்டீரியா மூன்றுக்கும் பொதுவாக 7-ஐ ஒட்டி வைக்கச் சொல்வது இதனால்தான். கருங்கல் ஜல்லி வினிகரில் சும்மா கிடக்கும். விலையும் குறைவு.

மீன் எண்ணிக்கையும் மோசடிதான். புதிதாக ஆரம்பிப்பவருக்கு 1,000 லிட்டருக்கு 10 முதல் 20 கிலோ மீன் என்பதே தாராளக் கணக்கு. எங்கள் 500 லிட்டருக்கு, அரைக் கிலோ மீனாக வளர்த்தால் இருபதுக்குள். அவர் விட்டது 120. மாதம் 15 கிலோ என்பது அந்தத் தொட்டியில் எந்தக் காலத்திலும் நடக்காது. அப்புறம், அவர் கொடுத்தது கிஃப்ட் திலேப்பியா, அதாவது நம்மூர் ஜிலேபி மீனுக்கு உறவான நைல் திலேப்பியாவின் மேம்படுத்திய ரகம். அதை வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. வேறு யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்தி தருகிறேன் என்றால் வாங்கவே வாங்காதீர்கள், அதை வளர்ப்பது இந்தியாவில் தடை. சந்தேகம் இருந்தால் ஹெப்பாளில் மீன்வள ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.

யாரிடம் வாங்குவதானாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "செட் வைத்து எத்தனை நாள் கழித்து மீன் விடுவீர்கள்?" அன்றைக்கே என்றாலோ, பொடி போட்டால் போதும் என்றாலோ அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். முடிந்தால் ஒரு வருஷமாக ஓடும் செட் ஒன்றை, அவர் இல்லாத நேரத்தில் போய்ப் பாருங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். என்னுடைய 22,000-க்கு இன்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். தண்ணீர்ப் பராமரிப்பு வாடிக்கையாளர் பொறுப்பு என்று அவர் பதில் அனுப்பியிருக்கிறார். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம், செத்த மீன்களின் படங்கள், டெஸ்ட் கிட் படங்கள் எல்லாம் தேதிவாரியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து போடலாம்.

தொட்டியை நாங்கள் தூக்கிப் போடவில்லை. மார்பிள் கல்லை எல்லாம் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, கருங்கல் ஜல்லியை நான்கு தண்ணீர் விட்டுக் கழுவிப் போட்டோம். மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடுகிறோம், அதில் வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. இது ஐந்தாவது வாரம். அம்மோனியாக் குழாய் மஞ்சளுக்கு வந்துவிட்டது. நைட்ரைட் குழாய் இன்னும் ஊதாவாகவே இருக்கிறது, அது வெளிர்நீலமாக வேண்டும். அப்பா தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் அதைக் குலுக்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்.