காம்பாக்ட் எஸ்யூவிக்கு அடுத்து எந்தக் கார்?

காம்பாக்ட் எஸ்யூவி ஓட்டிப் பழகியவர்கள் அடுத்த கார் வாங்கும்போது பெரும்பாலும் இரண்டு வழிகளைத்தான் யோசிக்கிறார்கள். அதே வண்டியின் புது மாடல், இல்லையென்றால் ஒரு சைஸ் பெரிய எஸ்யூவி. செடான், ஸ்டேஷன் வேகன் (கூரை பின்கதவு வரை நீளும் தாழ்வான கார்), மினிவேன் பக்கம் போய் ஏறி உட்கார்ந்துகூடப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், இப்படி ஏறிப் பார்க்காமல் விடுகிற வண்டிகளில்தான் பலருக்கும் பொருத்தமானது இருக்கிறது. எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. யாருக்கு எது என்பதைத்தான் இங்கே அலசப் போகிறேன்.

காம்பாக்ட் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை கிராஸ்ஓவர் வகைதான். கிராஸ்ஓவர் என்பது சாதாரணக் காரின் அடித்தளத்தில் உயரமான உடம்பை வைத்துக் கட்டிய வண்டி. 1994-ல் வந்த டொயோட்டா ராவ்4, அடுத்த வருடம் வந்த ஹோண்டா சிஆர்-வி இரண்டும் இந்த வகையைப் பரவலாக்கின. இதில் நான்கு வசதிகள் ஒரே கட்டாக வருகின்றன: ஏறி இறங்கச் சுலபமான உயரமான இருக்கை, தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் நல்ல இடைவெளி, பெரிய டிக்கி, வேண்டுமென்றால் நான்கு சக்கர இயக்கம். நான்குக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம், பெட்ரோலும் போடுகிறோம். இத்தனை வருடம் ஓட்டிய வண்டியில் இவற்றில் எது உண்மையில் உதவியது என்று நேர்மையாக யோசித்தால், பலருக்கும் விடை ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றை வைத்துத்தான் அடுத்த காரைத் தேட வேண்டும்.

ஒரே இன்ஜின், நான்கு உடம்பு

உடம்பின் வடிவத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள டொயோட்டாவின் வண்டிகள் நல்ல உதாரணம். கேம்ரி செடான், ஐந்தாம் தலைமுறை ராவ்4, 2020 தலைமுறை ஹைலேண்டர் என்ற மூன்று வரிசை எஸ்யூவி, 2021 தலைமுறை சியன்னா என்ற மினிவேன், இந்த நான்கிலும் ஒரே 2.5 லிட்டர் ஹைபிரிட் இன்ஜின் குடும்பம்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து கேம்ரியின் அடிப்படை மாடல் லிட்டருக்கு 21.5 கி.மீ.க்குச் சற்று மேலே கொடுக்கிறது. ராவ்4 ஹைபிரிட் 17 கி.மீ. ஹைலேண்டர் ஹைபிரிட், சியன்னா இரண்டும் 15 சொச்சம்.

ராவ்4-ல் நான்கு சக்கர இயக்கம் சேர்ந்தே வருகிறது, கேம்ரியின் அந்த எண் முன்சக்கர இயக்கத்துக்கானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இடைவெளியில் பெரும் பகுதி உயரத்தாலும் எடையாலும் வருவதுதான். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அதாவது, வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. வண்டியின் முன்பக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதனால் நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் உறைக்கும். வருடத்துக்கு 15,000 கி.மீ. ஓட்டினால் கேம்ரிக்கும் அந்த ராவ்4-க்கும் ஏறக்குறைய 190 லிட்டர் வித்தியாசம். உயரமான இருக்கை வீட்டில் ஒருவருக்குத் தேவையென்றால் அந்த 190 லிட்டர் நியாயமான செலவு. யாருக்கும் தேவையில்லை என்றால் வீண்.

மைலேஜ் மட்டுமல்ல, தாழ்வான காரின் எடை தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் வளைவில் உடம்பு சாய்வதும் குறைவு. பின் இருக்கையில் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்று சொல்பவர் வீட்டில் இருந்தால், ஒரு நல்ல செடானில் வளைவுச் சாலையில் ஒருமுறை கூட்டிப்போய்ப் பாருங்கள்.

டிக்கிக்காகத்தான் எஸ்யூவி என்றால்

"சாமான் வைக்க இடம் வேண்டும்" என்பதுதான் எஸ்யூவி வாங்கியதற்குப் பலரும் சொல்லும் காரணம். இந்தக் காரணம் அளவுகளின் முன்னால் நிற்பதில்லை. ஃபோக்ஸ்வாகன் டிகுவானின் இப்போதைய தலைமுறையில் டிக்கி 652 லிட்டர். அதே நிறுவனத்தின் கோல்ஃப் ஸ்டேஷன் வேகனில் 611 லிட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு பள்ளிக்கூடப் பை அளவுதான், ஆனால் வேகன் கையளவுக்கும் மேல் தாழ்வு. ஸ்கோடா ஆக்டேவியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க செடான் போலவே இருக்கும், ஆனால் பின்கண்ணாடியோடு சேர்ந்து முழுக் கதவும் மேலே தூக்கும். அதில் 600 லிட்டர். அதே குழுமத்தின் சின்ன எஸ்யூவியான முதல் தலைமுறை டி-ராக்கில் 445 தான்.

எஸ்யூவியில் உயரத்தை இருக்கைகள் எடுத்துக்கொள்கின்றன, வேகனில் நீளம் டிக்கிக்குப் போகிறது. கனமான பெட்டியைத் தூக்கும்போது இது கையில் தெரியும். வேகனின் டிக்கி விளிம்பு தாழ்வாக இருப்பதால் பெட்டியை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி உள்ளே தள்ளிவிடலாம். எஸ்யூவியில் தொடைக்கு மேல் தூக்க வேண்டும். கூரையில் சைக்கிள் கட்டுபவர்களுக்கு இன்னும் பெரிய வித்தியாசம்: வேகன் கூரை நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, தரையில் நின்றபடியே வாரை இழுத்துக் கட்டலாம். எஸ்யூவிக்கு கதவைத் திறந்து படியில் ஏறி நிற்க வேண்டியிருக்கும்.

சரி, மோசமான பாதைக்குத் தரை இடைவெளி வேண்டுமே? அதற்கும் வேகனில் பதில் உண்டு. 2025 மாடல் வரை வந்த சுபாரு அவுட்பேக் வேகன் உடம்போடு 220 மி.மீ. இடைவெளி தந்தது. பல காம்பாக்ட் எஸ்யூவிகளைவிட இது அதிகம். 2026 மாடலில் அதையும் பெட்டி வடிவ எஸ்யூவி ஆக்கிவிட்டார்கள். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். நல்ல நிலையில் முந்தைய மாடல் ஒன்று கிடைத்தால் கண்டிப்பாகப் பாருங்கள்.

நான்கு சக்கர இயக்கம் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். அது வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பனியிலும் சேற்றிலும் பிரேக் பிடிப்பது டயர்தான். பனிக்காலம் உள்ள இடத்தில், முன்சக்கர வண்டிக்கு நல்ல பனிக்கால டயர் போடுவது பெரும்பாலானோருக்குப் போதும்.

எஸ்யூவியை விடக் கூடாதவர்கள்

முழங்கால் வலி, இடுப்பு அறுவை சிகிச்சை, முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் செடான் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. கிராஸ்ஓவரின் இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பி உள்ளே வைத்துவிடலாம். செடானில் கீழே இறங்கி உட்கார்ந்து, எழும்போது முழு உடம்பையும் தொடை பலத்தில் தூக்க வேண்டும். நாளைக்கு நாலு முறை இதைச் செய்பவருக்கு மைலேஜ் கணக்கெல்லாம் பேச்சே இல்லை. குழந்தை இருக்கையில் குழந்தையை வைத்து பெல்ட் மாட்டும்போதும் அப்படித்தான், குனியாமல் வேலை முடியும்.

இவர்கள் அதே வகையில் புது மாடலையே வாங்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெயர் அதே என்றாலும் வண்டி வளர்ந்துவிட்டது. முதல் ராவ்4-ன் மூன்று கதவு மாடல் 3.7 மீட்டர்தான். இப்போதைய ராவ்4 4.6 மீட்டர். பத்து, பதினைந்து வருடப் பழைய எஸ்யூவியைக் கொடுத்துவிட்டு அதே பெயரில் புதியது வாங்குபவர் வழக்கமான பார்க்கிங்கில் திணறுவதற்கு இதுதான் காரணம். உங்களுக்குப் பழகிய அளவு இப்போது ஒரு படி கீழே, கொரோலா கிராஸ் போன்ற வண்டிகளில் இருக்கிறது. அதன் நீளம் 4.46 மீட்டர்.

உயரமாக உட்கார்ந்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே இருப்பவருக்குச் சாலை நன்றாகத் தெரியும், உண்மை. வெளியே நடப்பவருக்கு நிலைமை வேறு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பானட் 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டிகள் பாதசாரிகள் மேல் மோதும்போது உயிர் போகும் வாய்ப்பு, 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமான சரிந்த பானட் உள்ள கார்களைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். காம்பாக்ட் எஸ்யூவிகளில் பலவும் இரண்டுக்கும் நடுவில் வரும். பெரிய எஸ்யூவிக்கு மாறும்போதுதான் அந்த உயரத்தைத் தொடுகிறோம்.

மூன்று வரிசையா? மினிவேனைப் பாருங்கள்

குடும்பம் பெரிதாகி ஏழு பேர் உட்கார வேண்டும் என்று மூன்று வரிசை எஸ்யூவிக்குப் போவதுதான் இந்த முழு ஒப்பீட்டிலும் எனக்குப் பிடிக்காத தேர்வு. மேலே சொன்ன ஹைலேண்டரில் மூன்றாம் வரிசையை நிமிர்த்தி வைத்தால் பின்னால் மிச்சம் சுமார் 450 லிட்டர். சியன்னாவில் சுமார் 950. மைலேஜ் ஏறக்குறைய அதே. மினிவேனில் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் தரை பள்ளமாக இறங்குவதால் நிற்கும் பெட்டிகளை அப்படியே இறக்கிவிடலாம். எஸ்யூவியில் அந்த இடம் ஒரு குறுகலான தட்டு மாதிரிதான், ஆள் ஏழும் நிறையச் சாமானும் சேர்ந்து போவது கஷ்டம்.

அப்புறம் கதவு. நெருக்கமான பார்க்கிங்கில் பக்கத்து வண்டியில் இடிக்காமல் குழந்தைகள் இறங்குவதற்குச் சறுக்குக் கதவை விட நல்லது எதுவும் இன்னும் வரவில்லை. வயதானவர்களுக்கும் மினிவேன்தான் மேல்: பெரிய எஸ்யூவியின் உயரமான படி இல்லை, செடானின் பள்ளமும் இல்லை. மினிவேன் ஓட்டினால் பார்ப்பதற்கு நன்றாக இருக்காது என்ற ஒரே காரணத்துக்காகப் பலர் இதை ஒதுக்குகிறார்கள். தினமும் ஏழு பேர் படும் அவஸ்தையைவிட அந்தக் காரணம் பெரிதில்லை.

மின்சாரமும் பிளக்-இன் ஹைபிரிடும்

வீட்டில் அல்லது வேலை செய்யும் இடத்தில் சார்ஜர் இருந்தால் மின்சாரக் கார்தான் முதலில் பார்க்க வேண்டியது. இல்லையென்றால் கடைசியில் பாருங்கள். எங்கேயோ பொது சார்ஜரில் வாரத்துக்கு இரண்டு முறை காத்திருக்கும் வாழ்க்கை எல்லோருக்கும் சரிப்படாது.

இடவசதியில் மின்சாரக் கார் கொஞ்சம் வேறு கணக்கு. ஹூண்டாய் அயோனிக் 5, அதே நிறுவனத்தின் நீளமான டூசான் இரண்டும் ஏறக்குறைய 4.63 மீட்டர்தான். ஆனால் முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் அயோனிக்கில் 3 மீட்டர், டூசானில் 2.75. அந்தக் கால் மீட்டரில் ஒரு பகுதியாவது உள்ளே உட்காருபவர்களுக்கு இடமாகக் கிடைக்கலாம். மின்சாரச் செடான்களில் ஒன்றைத் தவறாமல் சோதியுங்கள்: பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தரை மேலே ஏறி, பின் இருக்கையில் முழங்கால் தூக்கலாக நிற்கும். தொடைக்கு ஆதாரம் இருக்காது. பத்து நிமிடத்தில் தெரியாது, ஒரு மணி நேரத்தில் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் உயரமான மின்சாரக் கிராஸ்ஓவர் செடானைவிட மேல்.

பெட்ரோலோடு, வெளியிலிருந்து சார்ஜ் போட்டு மின்சாரத்திலும் ஓட்டக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட் தினமும் சார்ஜ் போடுபவருக்கு அருமையான வண்டி. 18 கிலோவாட் மணி பேட்டரி உள்ள ஐந்தாம் தலைமுறை ராவ்4 பிளக்-இன் ஒரு சார்ஜுக்கு 68 கி.மீ. வரை மின்சாரத்திலேயே ஓடும் என்று அமெரிக்கக் கணக்கு. பலரின் ஒரு நாள் ஓட்டம் அதற்குள் முடிந்துவிடும். சிக்கல் மனித சுபாவத்தில்: ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட, சாலையில் ஓடும் வண்டிகளின் தரவுப்படி, இவை வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு சோதனைக்கூட எண்ணைவிட 3.5 மடங்கு. எதிர்பார்த்த அளவுக்குப் பலரும் சார்ஜ் போடுவதில்லை. கேபிளைத் தினமும் எடுத்து மாட்டும் பழக்கம் உங்களுக்கு வராது என்று தெரிந்தால் சாதாரண ஹைபிரிடே போதும். எடையும் குறைவு, சிக்கலும் குறைவு.

எதை எடுத்தாலும், டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போக வேண்டாம். குழந்தை இருக்கையைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள், முன் இருக்கை எவ்வளவு முன்னே தள்ளப்படுகிறது என்று தெரியும். முழங்கால் வலி உள்ளவரைப் பின் இருக்கையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். டிக்கித் தரையைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கிறதா, வெறும் பஞ்சர் கிட்தானா என்று பாருங்கள். மாடலைத் தேர்ந்த பிறகு மேல் வேரியன்ட்டுக்குப் போகும் முன் சக்கர அளவையும் கவனியுங்கள். கேம்ரியிலேயே 16 அங்குலச் சக்கரத்தோடு வரும் மாடல் லிட்டருக்கு 21.5 கி.மீ. கொடுக்க, 19 அங்குலத்தோடு வரும் மாடல் 20-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. டயர் மாற்றும்போது பெரிய சக்கரத்துக்குச் செலவும் கூடுதல், குண்டும் குழியுமான சாலையில் அதிர்வும் கூடுதல்.