கேப் டவுன்ல "நைட் ஆர்ட் டூர்"னு காசு கேட்டா குடுத்துடாதீங்க

கேப் டவுன்ல இருக்கிற நம்மாளுங்க, முக்கியமா ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வந்திருக்கிற வீட்டுக்காரங்க, இத ஒரு தடவ படிச்சிருங்க. ஃபர்ஸ்ட் தர்ஸ்டேஸ் அன்னிக்கு கேலரிக்குள்ள போக டிக்கெட்டே கிடையாது. மாசத்தோட முதல் வியாழக்கிழமை ப்ரீ ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட், லூப் ஸ்ட்ரீட் பக்கம் கேலரிங்க ராத்திரி ஒன்பது மணி வாக்குல வரைக்கும் தொறந்திருக்கும், யார் வேணா ஃப்ரீயா நடந்து போய் பாக்கலாம். அதத்தான் "விஐபி கேலரி பாஸ் ப்ளஸ் வுட்ஸ்டாக் ஸ்ட்ரீட் ஆர்ட்"னு பேர் வச்சு தலைக்கு 950 ராண்டுக்கு எங்க தலையில கட்டிட்டாங்க.

கும்பகோணத்துல இருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தாங்க, மாமா டிராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு, இங்க வுட்ஸ்டாக் ஏரியாவுல இருக்கிற சுவர் ஓவியங்கள போட்டோல பாத்ததுல இருந்து அதே பேச்சுதான். ஜூலை மாசம் இங்க ஆறு மணிக்குள்ள சூரியன் அடங்கிடும், டூர் ஆரம்பிச்சதோ ஆறரைக்கு. லைட் எல்லாம் போட்டு காட்டுவோம்னு விளம்பரத்துல சொல்லியிருந்தாங்க, அங்க போனா கும்மிருட்டு, தூறல், எலும்ப துளைக்கிற மாதிரி வாடைக்காத்து. கைடு கீழ எறங்கவே இல்ல, வேன்ல இருந்தே பாத்துக்கோங்கன்னுட்டான். மாமா மஃப்ளரால கண்ணாடிய தொடச்சு தொடச்சு மொபைல் டார்ச்ச அடிச்சுப் பாக்குறாரு, ஒரு யானையோட கண்ணும் அதச் சுத்தி தோல் சுருக்கமும் மட்டும்தான் தெரிஞ்சுது, "தும்பிக்கை எங்கடா போகுது?"ன்னு கேட்டாரு பாருங்க, எனக்கு வயிறு எரிஞ்சுது. எறங்கவான்னு கேட்டா ராத்திரில சேஃப் இல்லையாம். அது உண்மைதான், அப்போ அத ராத்திரி டூர்னு விக்கிறது எதுக்கு?

அப்புறம் டவுன்ல எறக்கிவிட்டு கையில ஒரு ரப்பர் பேண்ட மாட்டிட்டு, எட்டரைக்கு வரேன்னு போனவன்தான், ஆளையும் காணோம், போனும் ஸ்விட்ச் ஆஃப். சர்ச் ஸ்ட்ரீட் கேலரில அந்த பேண்ட காமிச்சா அந்தப் பொண்ணு, இதெல்லாம் வேணாம் ஆன்ட்டி, எல்லாருக்கும் ஃப்ரீதான்னு சொல்லுது.

பர்க் ஸ்ட்ரீட் பக்கம் வரும்போது நானே மாமாவுக்கு சொன்னேன், 1989 செப்டம்பர் 2ம் தேதி இங்கதான் நிறவெறிக்கு எதிரா ஊர்வலம் போனவங்க மேல போலீஸ் ஊதா சாயம் கலந்த தண்ணிய பீச்சி அடிச்சுது, சாயம் பட்டவங்கள அடையாளம் வச்சுப் பிடிக்கலாம்னு ப்ளான், ஒருத்தர் அந்த வண்டி மேலயே ஏறி குழாயத் திருப்பிவிட்டாரு, அதுக்கப்புறம் "ஊதாவே ஆளும்"னு ஊர்ச் சுவர்ல எழுத்து வந்துச்சு. இந்த ஊர் சுவர் எழுத்துக்கே இதவிட பெரிய கதை இருக்கா? மாமா அந்தக் குளிர்லயும் நின்னு கேட்டாரு. காசு வாங்கின கைடு வேன்ல இருந்தப்பகூட இதப் பத்தி வாயத் தொறக்கல.

அங்க நின்னப்பதான் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்ட ரெண்டு பேரு வந்து, ஈவன்ட்டுக்காக ரோடு மூடியிருக்கு, நடக்க பெர்மிட் வேணும், ஏடிஎம்ல கார்டு போட்டா வந்துரும்னாங்க. இது சிட்டி சென்டர்ல ரொம்ப நாளா ஓடுற மோசடி. பெர்மிட்னு ஒண்ணு கிடையவே கிடையாது, பின் நம்பர பாத்துட்டு கார்ட மாத்திடுவாங்க. நான் அத்தை கையப் பிடிச்சுக்கிட்டு நேரா பக்கத்து ரெஸ்டாரன்ட்டுக்குள்ள போய் அங்கிருந்தே கேப் புக் பண்ணேன். உங்ககிட்ட யாராவது இப்படி வந்தா நிக்காதீங்க, ஏடிஎம் பக்கமே போகாதீங்க, போலீஸ் 10111.

சவுத் ஆப்பிரிக்கால கைடுன்னா சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும், பேட்ஜ் மாட்டியிருக்கணும், ஐடி கார்டு கையில இருக்கணும். வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி கேளுங்க, மழுப்பினா ஏறாதீங்க. வுட்ஸ்டாக், சால்ட் ரிவர் சுவர்களுக்கு பகல்ல நல்ல லோக்கல் கைடோட நடந்தே போங்க, அந்தத் தெருக்காரங்களே கூட்டிட்டுப் போறாங்க, மாமாவ அடுத்த சனிக்கிழமை காலைல அப்படித்தான் கூட்டிட்டுப் போனேன், தும்பிக்கையையும் பாத்துட்டாரு.

ரிஃபண்ட் கேட்டதுக்கு "நோ ரிஃபண்ட் பாலிசி"ன்னு ஒத்த வரி பதில். அதெல்லாம் செல்லாது, 2008 கன்ஸ்யூமர் ப்ரொடெக்ஷன் சட்டத்துல 54வது பிரிவு, சொன்ன தரத்துல சேவை குடுக்கலன்னா சரி பண்ணணும் இல்ல காசுல நியாயமான பங்க திருப்பித் தரணும்னு தெளிவா சொல்லுது. விளம்பர ஸ்க்ரீன்ஷாட், ரசீது, நேரத்தோட எடுத்த போட்டோ எல்லாம் சேத்து நேஷனல் கன்ஸ்யூமர் கமிஷனுக்கு அனுப்பிட்டேன். அதே விளம்பரம் ஆகஸ்ட் முதல் வியாழனுக்கும் ஓடிட்டிருக்கு, ரைலண்ட்ஸ் கோவில்ல பாத்தவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், நீங்க ஏற்கெனவே கட்டியிருந்தா இன்னிக்கே கேன்சல்னு எழுத்துல அனுப்பிட்டு பேங்க்லயும் சொல்லி வைங்க.