லாரிக் கணக்கு நோட்டு

வாடகைக்கு விட ஒரு ஃபிளாட் வாங்கலாம் என்று மூன்று வார லீவில் சென்னை போனேன். வாங்காமலேயே டொரோண்டோ திரும்பிவிட்டேன்.

பத்திர விஷயத்தில் குறையே இல்லை. அப்பா மனை வாங்கிய காலத்தில் வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம்) போட்டுப் பார்க்க சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நாள்கணக்கில் நடந்தார். நானும் கூடப் போய் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது விமானம் ஏறும் முன்பே, இங்கே சாப்பாட்டு மேசையில் இருந்தபடி, 1975 முதலான வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்த்துவிட்டேன். தாய்ப்பத்திரம், யுடிஎஸ் என்கிற பிரிக்கப்படாத நிலப் பங்கின் அளவு, பணி முடிப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் வக்கீல் பார்த்துச் சரி என்றார்.

சென்னையில் ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் 36 வீடுகள் உள்ள கட்டடம். புரோக்கர் என்னை இரண்டு முறை அழைத்துப் போனார், இரண்டு முறையும் பகல் பதினொரு மணிக்கு. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. மூன்றாம் நாள் ஜெட் லேக்கில் நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று அந்தத் தெருப் பக்கம் போனேன்.

வாசலில் ஒரு தண்ணீர் லாரி. பின்னால் இன்னொன்று காத்து நிற்கிறது. வாட்ச்மேன் சம்ப் மூடியைத் திறந்து கம்பு விட்டு அளந்துகொண்டிருந்தார்.

"தினமும் வருமாண்ணே?"

"ரெண்டு வரும் சார். சித்திரை பொறந்தா நாலு."

போர்வெல் தண்ணீர் உப்பாம், பாத்திரம் கழுவக்கூட ஆகாதாம். இதை எந்தப் பத்திரத்தில் எழுதியிருப்பார்கள்?

லாரிக்குக் கையெழுத்துப் போட அசோசியேஷன் பொருளாளர் இறங்கி வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. விஷயத்தைச் சொன்னதும் என்னை உட்கார வைத்து, நீளமான நோட்டு ஒன்றை விரித்தார். தேதி, லாரி வந்த நேரம், எத்தனை லிட்டர், எவ்வளவு பணம் எல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டு அழகாக எழுதியிருந்தார். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது இந்தக் கட்டடத்தில் பதினோரு வீடுகள் காலியானதாம். சொந்தக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார், குடித்தனக்காரர் ஏன் இருக்கப் போகிறார்? அன்றைக்கு வீட்டைக் காலி செய்தவர்கள் எல்லாருமே வாடகைக்கு இருந்தவர்கள்தான்.

"லிஃப்ட் கயிறு மாத்தணும்னு ரெண்டு வருஷமா சொல்றோம் தம்பி. சேமிப்புன்னு ஒரு பைசா இல்லை."

டொரோண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் காண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்குவதற்கு முன் நிர்வாகத்திடம் நிலைச் சான்றிதழ் கேட்போம். நூறு டாலர் கட்டினால் பத்து நாளில் தர வேண்டும் என்பது சட்டம். பராமரிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது, அந்த வீட்டுக்குப் பாக்கி உண்டா, வழக்கு ஏதும் நடக்கிறதா எல்லாம் அதில் இருக்கும். சென்னையில் அந்த விவரம் எனக்குத் தூக்கம் கெட்டதால் கிடைத்தது. அந்த அம்மாவின் நோட்டு எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இப்படிக் கணக்கு வைக்கிறவர் இருக்கும் ஊரில், வாங்க வருகிறவனுக்கு அதைக் காட்டும் வழக்கம் மட்டும் ஏன் இல்லை?

தண்ணீரைப் பற்றிப் புரோக்கரிடம் கேட்டேன். "அடுத்த வருஷம் மெட்ரோ வாட்டர் வந்துடும் சார்" என்றார், குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீரைத்தான். இதை ஆசிரியையிடம் சொன்னபோது, அவர் பழைய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்து 2016 ஜூலைக் கூட்டக் குறிப்பைக் காட்டினார். அதே வாக்கியம்.

கணக்குப் போட்டேன். எதிர்பார்த்த வாடகை 22,000. மெயின்டனன்ஸும் லாரிப் பங்கும் சேர்த்து 5,500. கோடையில் இரண்டு மாதம் காலியாகக் கிடக்கும். வெளிநாட்டில் இருப்பவன் என்பதால் வாடகையில் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க மாதங்கள் ஆகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது அந்த அம்மா நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மெயின்டனன்ஸ் பாக்கி ஆறு வீடு, அதில் நாலு வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில்.

"இவர் உங்க டொரோண்டோதான். பதினாலு மாசப் பாக்கி. பார்த்தா சொல்லுங்க தம்பி."

நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று முறை அழைத்துவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை.