நன்றாக இருக்கும் சில்வர் ஃபில்லிங்கை எடுக்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

அம்மாவுக்குக் கடைவாய்ப் பற்கள் மூன்றில் பழைய சில்வர் ஃபில்லிங் இருந்தது. வலி இல்லை, கூச்சமும் இல்லை. பல் சுத்தம் செய்யத்தான் அந்த கிளினிக்குக்குப் போனோம். வாயைத் திறந்து பார்த்ததுமே டாக்டர், "இதுல பாதி பாதரசம்மா, தினமும் விஷத்தை முழுங்குறீங்க. மூணையும் எடுத்துட்டு காம்போசிட் வச்சிடலாம்" என்றார். காம்போசிட் என்பது பல் நிறத்தில் இருக்கும் பிசின் ஃபில்லிங். பல்லுக்கு 2,500 ரூபாய். அம்மா நடுங்கிப் போய்ச் சம்மதித்தார்.

பாதி பாதரசம் என்பது உண்மைதான். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்கு இதைப் புதிதாக வைப்பதை முடிந்தவரை தவிர்க்கும்படி 2020இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொன்னது. ஆனால் நல்ல நிலையில் உள்ள பழைய ஃபில்லிங்கை மருத்துவ அவசியம் இல்லாமல் எடுக்க வேண்டாம் என்றும் அதே அறிவிப்பில் இருக்கிறது. குடைந்து எடுக்கும்போது பாதரச ஆவி கூடுதலாக வெளியேறும், கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போய்விடும். இதைப் பற்றி அந்த டாக்டர் வாயே திறக்கவில்லை.

அதைவிடக் கொடுமை, சொன்ன பொருளையும் வைக்கவில்லை. காம்போசிட் என்றால் எச்சில் படாமல் பல்லை உலர்த்தி, சுமார் 2 மி.மீ. அடுக்குகளாக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் நீல விளக்கு காட்டி இறுக வைக்க வேண்டும். நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. இங்கே பொடியையும் திரவத்தையும் குழைத்து அப்பினார்கள், விளக்கே எடுக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். சில மாதங்களில் ஒன்று உடைந்து, சோறு மெல்லவே அம்மா அழுதார். அங்கே கேட்டால், "உங்க பல்லே வீக், ரூட் கெனால் பண்ணி கேப் போடணும்" என்று அடுத்த எஸ்டிமேட்.

வேறு மருத்துவரிடம் காட்டியபோது, வைத்தது கிளாஸ் அயனோமர், அதாவது பொடியையும் திரவத்தையும் குழைத்து வைக்கும் வேறு வகை ஃபில்லிங் என்றார். அதுவும் பல் நிறம்தான். பால் பல்லுக்கும் ஈறோரச் சொத்தைக்கும் பொருத்தமானது, விலையும் குறைவு. கடைவாயில் பெரிய குழிக்கு வைத்தால் மெல்லும் அழுத்தத்தில் தேயும், உடையும். எங்கள் பில்லில் "டூத் கலர் ஃபில்லிங்" என்று மட்டுமே இருந்தது.

பழையதை எடுக்கச் சொன்னால், ஓரத்தில் சொத்தையா, விரிசலா என்று எக்ஸ்ரேயிலோ நேரிலோ காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அரசு பல் மருத்துவமனையில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். பில்லில் பொருளின் பெயரை எழுதி வாங்குங்கள். ஏமாந்திருந்தால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நாங்கள் அதற்கான மனுவைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.