மைனர் பிக்கப்பில் இரட்டைச் சுற்று மாஸ்ரர் சிலிண்டர்: நெடுநாள் ஓடிய பிறகு

பழைய மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றை அண்மையில் வாங்கிய நண்பர், "நீங்கள் போட்ட மாஸ்ரர் சிலிண்டரை நானும் போடலாமா?" என்று கேட்டார். ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவும்.

பெடலை மிதிக்கும்போது பிறேக் ஒயிலை அழுத்திச் சில்லுகளுக்கு அனுப்புவதுதான் மாஸ்ரர் சிலிண்டர். கம்பனி போட்டது ஒற்றைச் சுற்றுச் சிலிண்டர். நான்கு சில்லுக்கும் ஒரே ஒயில், ஒரே அழுத்தம். பின் சில்லில் ஒரு றப்பர் வொஷர் கிழிந்தால் முன் பிறேக்கும் சேர்ந்து போய்விடும்; மிஞ்சுவது கைப்பிறேக்தான். 1953இல் இந்தப் பிக்கப் வந்தபோது அது வழமை. இன்று பஸ்கள் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும் ஏ9 வீதியில், வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அப்படி ஓட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் ஒயில் தனித்தனியாக ஓடும் இரட்டைச் சுற்றுச் சிலிண்டரைப் போட்டேன். பெற்றோல் வராத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயிலும் ஓடிய வண்டிகள் இவை. என்ஜினில் எனக்குக் குறையே இல்லை. குறை முழுக்க நிறுத்துவதில்தான்.

அதைவிட எரிச்சல், பழைய சிலிண்டர் இருக்கும் இடம். சாரதியின் காலடியில், வண்டியின் அடிச்சட்டமான சசிக்குள்ளே. ஒயில் பார்க்க வேண்டுமென்றால் கால்விரிப்பைத் தூக்கி, தரைத்தகட்டின் மூடியைக் கழற்றி, உள்ளே படிந்த செம்மண்ணைத் தூரிகையால் கூட்டியெடுத்த பிறகுதான் சிலிண்டர் மூடியில் கைவைக்கலாம். ஒரு சிட்டிகை மண் உள்ளே விழுந்தால் வொஷர் கீறுப்படும். பார்ப்பதே இவ்வளவு சிரமம் என்பதால் யாரும் பார்ப்பதில்லை. ஒயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கடைசியில் உட்சுவர் கறள் பிடித்துக் குழி விழுந்துவிடும்.

கழற்றுவது இன்னும் கொடுமை. பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டும் சசியைக் குறுக்காகத் துளைத்து நிற்கின்றன. நட்டைக் கழற்றலாம், போல்ட்டை இழுத்தால் முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பியான ரோர்ஷன் பார் மறிக்கும். பிறேக் வேலைக்காக முன் சஸ்பென்ஷனைத் தளர்த்த வைக்கும் இந்த அமைப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் மெக்கானிக் பாஸ் போல்ட்டுகளை அறுத்தெடுத்தார். புதியவற்றை எதிர்ப்பக்கமிருந்து போட்டார். "இனிக் கழட்டுறதெண்டால் பாரைத் தொடத் தேவையில்லை அண்ணை" என்றார். புதிய சிலிண்டரோடு வந்த தாளில் இதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. மைனரின் தகடுகளை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமுண்டு. இந்தச் சாமானை மட்டும் அங்கிருந்துதான் எடுப்பிக்க வேண்டியிருந்தது.

சரி, பயன் என்ன? முதல் மகிழ்ச்சி ஒயில் போத்தல். சிலிண்டர் பழைய இடத்திலேயே இருந்தாலும் போத்தல் பொனற்றுக்குள் வந்துவிட்டது. திறந்தவுடன் ஒயில் மட்டம் கண்ணுக்கு நேரே தெரிகிறது. தண்ணீர் பார்க்கும்போதே அதையும் பார்த்துவிடுகிறேன். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

பூட்டிய பிறகு வளவுக்குள் வண்டியை நிறுத்தி, பின் சில்லில் ஒயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்துவைத்துப் பெடலை மிதித்துப் பார்த்தோம். பெடல் பாதிக்கு மேல் இறங்கியது. பிறகு கல்லாக நின்றது. முன் சில்லுகளைக் கையால் அசைக்க முடியவில்லை. பழைய சிலிண்டரில் இதே வேலையைச் செய்திருந்தால் பெடல் தரையைத் தொட்டிருக்கும். பூட்டுகிற ஒவ்வொருவரும் வீதிக்கு ஏறுமுன் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ஆனால் பிறேக் முன்பைவிட நன்றாகப் பிடிக்குமா என்று கேட்டால், இல்லை. சில்லோடு சுற்றும் அதே ட்ரம், அதில் உரசி நிறுத்தும் அதே சூ. அதோடு, பெடல் நீண்டுவிட்டது. உள்ளே இரண்டு பிஸ்டன். இரண்டும் தத்தம் ஒயில் துளையைக் கடந்த பிறகுதான் அழுத்தம் பிறக்கிறது. அந்த வெற்று ஓட்டம் ஒவ்வொரு மிதிப்பிலும் காலுக்குத் தெரிகிறது. அதைக் குறைக்கச் சூவை ட்ரம்முக்கு நெருக்கமாகவே வைத்திருக்க வேண்டும். முன் சில்லுக்கு இரண்டு திருகு, பின் சில்லுக்கு ஒன்று என்று துளைக்குள் திருகாணிச்சாவியை விட்டு இறுக்கும் வேலை முன்பு எப்போதாவது வரும். இப்போது அடிக்கடி. இவ்வளவு நாளாகியும் கால் பழகவில்லை. சந்தைக்குள் சைக்கிள்களுக்கு நடுவே ஊர்ந்துபோகும்போது பழைய சிலிண்டரின் குறுகிய, இறுக்கமான பெடலை நினைத்து ஏங்குகிறேன்.

இவ்வளவு புகழ்ந்தாலும் ஐந்துக்கு இரண்டரைக்கு மேல் கொடுக்க எனக்கு மனமில்லை. ஊருக்குள் மட்டும் வெறும் வண்டி ஓடுகிறவர் பழைய சிலிண்டரின் உட்சுவருக்கு ஸ்டெயின்லெஸ் உறை (சிலீவ்) போட்டு, ஒயிலை ஒழுங்காக மாற்றி வந்தால் போதும். நண்பரோ பாரம் ஏற்றிக்கொண்டு ஏ9இல் போகிறவர். அவர் போடத்தான் வேண்டும். ஓடர் கொடுக்குமுன் பைப் நட்டின் புரியை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். மைனரின் பழைய பைப்புகள் அங்குல அளவுப் புரி. சில புதிய சிலிண்டர்கள் மில்லிமீற்றரில் வருகின்றன. முதல் இரண்டு சுற்று ஏறுவதுபோல் காட்டும். அதற்கு மேல் இறுக்கினால் புரி சிதைந்து ஒயில் கசியும்.