உடைந்த புகைக்குழாயை எந்தப் பசையால் ஒட்டலாம்? மூன்று பசைகளைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

என் தந்தை விட்டுச் சென்ற, பிரையர் என்ற கெட்டியான மரத்தால் ஆன, புகையிலை புகைக்கும் குழாயின் சாம்பலை உள்ளங்கையில் தட்டிக் கொட்டியபோது, கிண்ணமும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதியில் அது இரண்டாக உடைந்தது. உடைந்த முகங்கள் இம்மி பிசகாமல் பொருந்தியதால், நல்ல பசை ஒன்று கிடைத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதன்பின் மூன்று வகைப் பசைகளை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்ததில், எது வலுவாக ஒட்டுகிறது என்பதைவிட, ஒட்டிய பசையை நெருப்போ புகையோ தொடுகிறதா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று தெரிந்துகொண்டேன். புகையிலையே உடலுக்குக் கேடு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதோடு கருகிய பசையின் ஆவியையும் சேர்த்து இழுக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது, சூப்பர் க்ளூ என்று எல்லோரும் அறிந்த சயனோஅக்ரிலேட். பரப்பில் படிந்திருக்கும் ஈரத்தைக் கொண்டே நொடிகளில் இறுகிவிடுவதால், வேலை முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையை அது மிக எளிதாகக் கொடுத்துவிடுகிறது. மறுநாள் ஒட்டைச் சுற்றி விபூதி தூவியது போல ஒரு வெண்படலம் தெரிந்தது. இறுகும்போது எழும் பசையின் ஆவி அக்கம்பக்கத்தில் படிவதால் உண்டாவது அது. நான்காவது முறை புகைத்தபின், குழாய் சூடாக இருக்கும்போதே வாய்க்குழலைக் கழற்ற லேசாகத் திருகினேன். கழுத்து பழைய கோட்டிலேயே விட்டுப் பிரிந்தது. விரலால் தடவியபோது பசை கண்ணாடித் தூளாக உதிர்ந்தது. சூடான குழாயைத் திருகியது என் தவறுதான். ஆனால் இழுப்பைத் தாங்கும் இந்தப் பசை, அதிர்ச்சியையும் திருகலையும் தாங்குவதில்லை. சாதாரண வகை சுமார் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கிறது. இன்னும் சூடேறினால் அது சிதைந்து, கண்ணையும் மூக்கையும் எரிக்கும் ஆவியை வெளிவிடும். கிண்ணத்துக்கோ கழுத்துக்கோ இது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எபோனைட் என்ற கெட்டி ரப்பரால் ஆன வாய்க்குழலில் பல் அழுத்தி உண்டான பள்ளத்துக்கு மட்டும் இது பொருந்துகிறது. கருப்பு நிற சயனோஅக்ரிலேட்டோடு நைசான கரித்தூளைக் குழைத்து நிரப்பி, நன்றாக இறுக விட்டு, உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கினேன். அந்த இடம் நெருப்புக்குத் தொலைவில் இருக்கிறது. அதிகச் சூடு அங்கே எட்டுவதில்லை.

இரண்டாவது, இரண்டு குழல்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் ஐந்து நிமிட எப்பாக்ஸி. இதைக் குழாயில் இடுவதற்கு முன், உடைந்து வீணான வேறொரு குழாயின் மரத்துண்டுகள் இரண்டை ஒட்டி, ஒரு நாள் காயவைத்து, கொதித்து இறக்கிய நீரில் சில நிமிடங்கள் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் பிதுங்கியிருந்த பசை, முதல் நாள் நகத்துக்கு அசையாதது, இப்போது நகம் பதியும் அளவுக்கு இளகியிருந்தது. விரைவில் இறுகும் எப்பாக்ஸிகளில் பல 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் இயல்புடையவை. கழுத்தை அந்தச் சூட்டில் சோதிக்க எனக்குத் துணிவில்லை. அதைக் குழாயில் இடவில்லை.

மூன்றாவதாக வந்ததுதான் நான் பரிந்துரைக்கும் வகை: உலோகத்தூள் கலந்த, மெதுவாக இறுகும் எப்பாக்ஸி. இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட ஜே-பி வெல்ட், 287 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் சொல்கிறார். சம அளவில் கலந்தால் நாலைந்து மணி நேரத்தில் கெட்டிப்படும், முழுமையாக இறுக 15 முதல் 24 மணி நேரம் ஆகும். காய்ந்தபின் அடர் சாம்பல் நிறக் கோடாகத் தெரியும் என்பதை முன்பே அறிந்துகொள்வது நல்லது. அவ்வளவு சூட்டைத் தாங்குவதால் கிண்ணத்தின் உள்ளேயும் பூசலாம் என்று மட்டும் யாரும் எண்ணிவிடக் கூடாது. எரியும் புகையிலையின் தணல் அந்த அளவையும் எளிதாகத் தாண்டிவிடும்.

சில எப்பாக்ஸிகளின் அட்டையில் ‘உணவுக்குப் பாதுகாப்பானது’ என்று அச்சிட்டிருப்பார்கள். நானும் அதை நம்பித்தான் கடையில் தேடினேன். சரியாகக் கலந்து முழுமையாக இறுகிய பசை, உணவைத் தொட்டால் அதில் என்ன கரைகிறது என்பதைப் பற்றியது அந்தச் சொல். அதே பசை கருகினால் என்ன ஆவி எழும், அதை நுரையீரலுக்குள் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. கலவை விகிதம் பிசகினால், வினைபுரியாத பிசினோ அதை இறுகச் செய்யும் கடினமாக்கியோ உள்ளே தங்கிவிடும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே பாதுகாப்பை நான் பசையிடம் மட்டும் ஒப்படைக்கவில்லை. உடைந்த முகங்களில் ஊறியிருந்த பழைய கசடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால், பஞ்சில் பழுப்பு படிவது நிற்கும்வரை துடைத்து, ஒரு நாள் உலரவிட்டேன். புகை செல்லும் துளையைக் கழுத்துப் பகுதியில் சற்றே அகலப்படுத்தி, உடைப்பின் இருபக்கமும் எட்டும்படி மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் குழல் ஒன்றைச் செருகினேன். பசையைக் குழலின் வெளிப்பக்கத்திலும் மர முகங்களிலும் மட்டும் மெல்லியதாகத் தடவி, குழலின் நுனிகளுக்குச் சற்று முன்பே நிறுத்திக்கொண்டேன். உள்ளே பசை வழிந்து அடைத்துவிடாதபடி, வாஸ்லின் தடவிய பைப் கிளீனர் (குழாயின் துளையைத் துடைக்கும், பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) ஒன்றைத் துளையில் விட்டு வைத்து, பசை பாதி இறுகியதும் மெல்ல உருவினேன். இப்போது புகை எஃகின் ஊடே செல்கிறது. திருகும் விசையிலும் பெரும்பங்கை அந்தக் குழலே தாங்கிக்கொள்கிறது.

கிண்ணத்தின் உட்சுவரில் விரிசல் இருந்தால் இந்த மூன்றில் எதுவும் உதவாது. அடிப்பள்ளம் ஆழமாகிவிட்டால் சுருட்டுச் சாம்பலை நீரில் குழைத்து அப்புவது பழைய வழக்கம். சோடியம் சிலிக்கேட்டோடு கரித்தூளைக் கலந்து மெல்லப் பூசுவதும் உண்டு. இரண்டும் எரிகிற பிசின் அல்ல என்பதே அவற்றின் சிறப்பு. ஆனால் அவை பூச்சுகளே தவிர ஒட்டுகள் அல்ல. சுவர் வெளிப்பக்கம் வரை கருகி ஓட்டை விழுந்த ஒரு குழாயை நான் ஒட்டாமல் அலமாரியில் வைத்துவிட்டேன்.

தந்தையின் குழாயை ஒட்டியபின் ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்தேன். பற்றவைக்கும் முன் வெறுங்குழாயை மூக்கருகே பிடித்து முகர்ந்தபோது, பழைய புகையிலையின் வாசனைக்கு அடியில் பசை நெடி லேசாகத் தெரிந்ததால், மேலும் மூன்று நாள் காற்றோட்டமான இடத்தில் வைத்தேன். நான்காம் நாள் அந்த நெடி இல்லை. சாம்பல் நிறக் கோடு மட்டும் கழுத்தைச் சுற்றி நூல் கட்டியது போல இருக்கிறது. அதை மறைக்கச் சாயம் எதுவும் பூசவில்லை.